ஏரியில் கிடைத்த அருவாள்

கல்யாணமான இரண்டாம் வருஷம் எங்கள் கொல்லுப்பட்டறையின் துருத்தி என் கைக்கு வந்தது. அதுவரை இழுத்த மாமியாருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துக் கலப்பைக் கொழு, கதிர் அருவாள் எல்லாம் எங்களிடம்தான் வரும்.

அந்தக் கோடையில் பக்கத்து ஊர் ஏரி அடியோடு வற்றியது. வண்டல் வெட்டியவர்களுக்கு மதகோரம் ஓர் அருவாள் கிடைத்தது. பிடி மக்கி, வளைந்த நுனி மூக்கு உடைந்திருந்தது. யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஊர் நாட்டாண்மைக்காரர் அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "அம்மனுக்குக் கெடா வெட்டக் கத்தி வோணும். இந்த இரும்புலயே அடிச்சிக் குடு. ஊரு முன்னாடி வெட்டிப் பாத்துத்தான் வாங்குவோம்" என்றார். என் வீட்டுக்காரருக்கு அதுதான் முதல் கோயில் கத்தி.

அடித்து நீட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுகிற அன்றுதான் பயம் பிடித்தது.

தோய்ச்சலுக்கு இரும்பின் நிறம் பார்க்க வேண்டும். வெயிலில் நிறம் ஏமாற்றும் என்பதால் நடுப்பகலில் கதவைச் சாத்திச் சாக்கைத் தொங்கவிடுவோம். கத்தி சிவந்து வரும்போது அதனுள் ஒரு நிழல் ஓடும். மேகம் வயலைக் கடப்பதுபோல ஓடி மறையும். மறைந்ததும் தண்ணீரில் முக்க வேண்டும். அன்றும் நிழல் வந்தது, ஓடியது. ஆனால் நுனிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் கத்தி செம்பருத்தியாய்ச் சிவந்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் கறுப்பாகத் துடித்தது.

"இன்னாங்க அது?"

"பேசாத. இழு."

அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இழுத்தேன். நிழல் போகவில்லை. இனியும் வைத்தால் இரும்பு கெட்டுவிடும் என்று முக்கிவிட்டார். விரிசல் இல்லை, கோணல் இல்லை. மறுபடி இளஞ்சூட்டில் காட்டியபோது கத்தி முழுக்க வைக்கோல் நிறம் ஏறியது. அந்த இடத்தில் மட்டும் ஏறவில்லை. கட்டைவிரல் பதிந்ததுபோல ஒரு கறை. மணலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

சோதிக்கிற அன்று ஊரே கோயில் வேப்பமரத்தடியில் கூடியது. நனைத்த வைக்கோல் பிரியைக் கிளையிலிருந்து தொங்கவிட்டார்கள். அடிமுனையை யாரும் பிடிக்கவில்லை. மொக்கைக் கத்தி பட்டால் பிரி விலகி ஆடும். என் வீட்டுக்காரர் வீசினார், பாதிப் பிரி ஓசையில்லாமல் தரையில் விழுந்தது. அடுத்து காய்ந்த மூங்கில் கணுவை வெட்டினார். வாய் மழுங்கவில்லை. நாட்டாண்மைக்காரர் வாங்கிக் கூர் பார்த்தார். "தேவலாம்பா, நல்லா வந்துகீது" என்று பேசிக்கொண்டே இருந்தார். வேட்டியில் ரத்தம் சொட்டியதைப் பார்த்த பிறகுதான் விரல் அறுபட்டதே அவருக்குத் தெரிந்தது.

அப்போது கூட்டத்துக்குள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். காவாந்தண்டலத்தில் தங்கிக் களை பறித்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவள் புருஷன் மதகுக் காவலுக்குப் போனவன், திரும்பவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. அதனால் அவள் தாலியைக் கழற்றாமல் பொட்டோடுதான் இருந்தாள்.

"ஏரியில கெடச்ச அருவாளுக்கு மூக்கு இருந்திச்சா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"இல்லம்மா. ஒடஞ்சிருந்திச்சி."

"நான்தான் ஒடச்சேன். வெறகு பொளக்கசொல்ல கல்லுல பட்டுடிச்சி. அதுக்கு என்னத் திட்டிகினே போனாரு. அப்புறம் வரல."

அவள் கத்தியை வாங்கி, கறை இருந்த இடத்தை முந்தானையால் மெல்லத் துடைத்தாள், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல.

"பொதைக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமே கெடைக்கல சாமி. இத்தக் குடுத்துடுங்க."

நாட்டாண்மைக்காரர் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தார். இவர் செய்ததிலேயே நல்ல கத்தி அது. "எடுத்துக்கினு போம்மா" என்றார் இவர்.

அன்று மாலையே ஏரிக்கரையில் புதைத்தார்கள். செத்த புருஷனுக்குச் செய்கிற சடங்கெல்லாம் செய்தார்களாம், தாலியையும் கழற்றினார்களாம். புதுசாகக் கல்யாணமானவள் பார்க்கக் கூடாதென்று மாமியார் என்னை விடவில்லை. போய்வந்த இவர் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள்தான் சொன்னார்.

"கைல தூக்கிக்கினு போறவரைக்கும் சில்லுனுதான் இருந்திச்சி. குழியில வெச்சதும் 'சொய்'னு ஒரு சத்தம். ஈர மண்ணுலேர்ந்து ஆவி வந்திச்சி. எல்லாரும் பாத்தோம்."

எழுந்துபோய் உலையைப் பற்றவைத்தேன். திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. பழைய லாரி வில்பட்டை ஒன்றை வெட்டி அவர் வேறு கத்தி அடிக்க உட்கார்ந்தார். நான் துருத்தியை இழுத்தேன். இந்த முறை நிழல் ஓடி மறைந்தது. முதல் கத்தியில் பார்த்ததே போதும், இதைச் சோதிக்க வேண்டாம் என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.