எமன் கையில் மட்டும் மஞ்சள் நூல் இல்லை

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பினாங்குத் தீவில் எங்கள் ஆட்கள் முப்பது பேர் வேசம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நீங்களும் அப்படி ஓட நினைத்தால் இதைப் படித்துவிட்டு ஓடுங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரத்திலும் தூரத்திலும் பிழை இருக்காது.

ஓடியது லெட்சுமி அக்காவுக்காக. மாக் மண்டின் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகன் லிப்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான். மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடை முதலாளி ஒருவர் சக்கர நாற்காலி தருவதாகச் சொன்னார். பெயர் கொடுத்த முப்பது பேரும் முழுத் தூரமும் ஓடி முடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. போன வருசம் வேறொரு ஓட்டத்துக்கு உதவினாராம். பாதிப் பேர் சட்டையை வாங்கிக்கொண்டு ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்துவிட்டார்களாம். மனிதர் என்னைவிடச் சந்தேகப் பேர்வழி. அதனால் பாதி வழியில் நான் நின்று ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் நூல் கட்டுவது என்று முடிவானது. ஒரு கையில் நூல் இல்லை என்றாலும் நாற்காலி இல்லை.

பாதை போட்டதும் வேசம் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். மூன்று நரகாசுரன், ஒரு முறுக்கு டின், ஒரு மத்தாப்பு என்று போய், செல்வத்துக்கு எமன். எங்கள் தொழிற்சாலையில் அவன் வெல்டிங் வேலை. பத்து மணிக்கு டாய்லட் என்று போனால் பதினொன்றுக்குத்தான் மறுபடி தரிசனம்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே மிசின் உசுர விட்டுரும். எமன்தான்டா உனக்குப் பொருத்தம்" என்றேன்.

"சரிலா அக்கா" என்று வாங்கிக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகம்.

காலை ஆறரைக்குப் பட்டர்வொர்த்தில் படகு ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அக்கரைக்குக் கால் மணி நேரம். செல்வம் ஓரமாக உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, இப்பவே கார் புக் பண்றியா?"

"மழை வருமான்னு பாக்குறேன்க்கா. மூஞ்சி மை கரைஞ்சிரும்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் மனதுக்குள் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஏழரைக்குக் கடலோரத் திடலில் ஓட்டம் தொடங்கியது. தண்ணீர்மலை அடிவாரம்தான் முடிவு, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நான் முன்னாடியே எட்டு வெள்ளிக்குக் கார் பிடித்து, மூன்றரையாவது கிலோமீட்டரில் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இறங்கிக்கொண்டேன். அங்கே நல்ல நிழல், பக்கத்திலேயே கோப்பிக் கடை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

எட்டு இருபதுக்குள் இருபத்தொன்பது கைகளில் நூல் கட்டிவிட்டேன். எமனைக் காணோம்.

"எங்கடா அவன்?" என்று கடைசியாக வந்த நரகாசுரனைக் கேட்டேன்.

"சிக்னல் வரைக்கும் பின்னாலதான் வந்தான் அக்கா. அப்புறம் பாக்கல."

இன்னும் கால் மணி நேரம் பார்த்தேன். எந்தக் கடையில் எத்தனையாவது ரொட்டி என்று யோசித்தபடியே ஏழு வெள்ளிக்கு இன்னொரு கார் பிடித்து அடிவாரம் போனேன். அங்கே முதலாளி கூடாரத்தில் உட்கார்ந்து கை கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது இருபதுக்குச் செல்வம் வந்தான். கிரீடம் இல்லை, மீசை இல்லை, பாசக்கயிறு இல்லை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். முகத்து மையைச் சட்டையால் துடைத்து, சட்டையும் போய் முகமும் போயிருந்தது.

விடுவேனா. "வாங்க எமதர்மராசா. எந்தக் கடையில பிரேக் போட்டீங்க? சாம்பார் ஊத்திச் சாப்பிட்டீங்களா, கறிக்கொழம்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தார். "நூல் எங்க தம்பி?"

லெட்சுமி அக்காவின் நாற்காலியை என் வாயாலேயே தள்ளிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

செல்வம் இரண்டு போத்தல் தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினான். "சிக்னல்ல ஒரு கார் நின்னுச்சுங்க. ஆஸ்பத்திரிக்குத் திரும்புற கார். பின்சீட்டுல வயசான ஐயா, மூக்குல டியூப். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல இருந்த பொண்ணு அவரு கண்ணக் கையால பொத்திருச்சு. நான் கிரீடத்தக் கழட்டிட்டேன், மை போக மாட்டேங்குது. இந்த மூஞ்சியோட அந்த வாசலுக்கு முன்னால எப்படிங்க போறது? சுத்திக்கிட்டு வந்தேன். ரெண்டு கிலோமீட்டர் கூட ஆயிருச்சு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாதை யாரும்மா போட்டது?"

"நான்தாங்க."

"எமன் வேசம்?"

"அதுவும் நான்தாங்க."

"நூல் மிச்சம் இருக்கா?"

"ஒரு துண்டு இருக்குங்க."

"கட்டுங்க."

கட்டினேன். செல்வம் குனிந்து, "மூணு முடிச்சு போட்டுறாதீங்கக்கா, வீட்ல சண்டை வந்துரும்" என்றான்.

நீங்கள் ஓட்டம் நடத்தினால், பாதையை முன்கூட்டியே ஒரு தடவை நடந்து பாருங்கள். வழியில் ஆஸ்பத்திரி, மயானம், துக்க வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேசம் கொடுங்கள். முகத்து மைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள், தண்ணீருக்குப் போகாது. வெயில் ஒன்பது மணிக்கே சுடும், ஏழுக்குத் தொடங்குவது நல்லது. ஆள் பிந்தினால் முதலில் தண்ணீர் கொடுங்கள், கேள்வி பிறகு.

நாற்காலி மறுநாளே வந்தது. செல்வம்தான் கொண்டுவந்து, லெட்சுமி அக்காவை உட்கார வைத்து லிப்ட் வரைக்கும் தள்ளினான். அக்கா திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காதுல என்னடா கறுப்பா இருக்கு?"

"எமன் வேசம் போட்டேன்க்கா. முழுசாப் போகல."

"அப்ப மெதுவாத் தள்ளு" என்றார் அக்கா. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."