துடக்கோடு வைத்த முதல் காலடி

மூன்று வருசத்துக்கு முந்திய புத்தாண்டு நாள், பின்னேரம் மூன்று மணி இருக்கும். மொன்றியலின் மேற்குப் பக்கம், ஆற்றோரமாக ஒரு பழைய கல்வீடு. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஒரு கையில் கரித்துண்டும் மறு கையில் பாண் ரொட்டியும் உப்புமாக அந்த வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருந்த பதின்மூன்று பேரை நான் சாகக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், விசரோ என்று கேட்டிருப்பேன்.

முதலில் எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்ல வேண்டும். கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில் அந்தக் கல்வீட்டில் வழிகாட்டி. ஒரு காலத்தில் மிருகத்தோல் வியாபாரத்தில் பணம் பார்த்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் கட்டிய வீடு அது. பார்க்க வருகிறவர்களுக்கு அவருடைய நாட்டு மலை, ஏரி, குலச்சண்டை, கட்டம் போட்ட ஆம்பிளைப் பாவாடை எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விளக்குவேன். ஸ்கொட்லாந்தை நான் கண்ணால் கண்டதில்லை. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் மலைமூட்டத்தைப் பற்றி அளப்பதை நினைத்து என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் எனக்கு வாய் இருக்கிறது, அதை வைத்துச் சமாளித்துவிடுவேன்.

ஸ்கொட்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. வருசம் பிறந்த பிறகு வாசற்படியை முதலில் மிதிக்கிறவர் கறுத்த மயிருள்ள ஆம்பிளையாக இருந்தால் அந்த வீட்டுக்கு வருசம் முழுக்க நல்லது. அவர் வெறுங்கையோடு வரக்கூடாது. அடுப்பு அணையாமல் இருக்கக் கரி, சாப்பாடு குறையாமல் இருக்கப் பாண், உப்பு. உண்மையில் இது நடுச்சாமத்தில் செய்வது. சனத்துக்குக் காட்டுவதற்காக நாங்கள் பின்னேரத்தில் செய்வோம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஸ்கொட்லாந்து வம்சம், எழுபதை எட்டப் போகிறவர், மேல்மாடியிலேயே தனியாகக் குடியிருக்கிறார். ஒவ்வொரு வருசமும் என்னைத்தான் கூப்பிடுவார். அவருடைய சொந்தக்காரர் எல்லாரும் செம்பட்டை. செம்பட்டைக்காரர் முதலில் வந்தால் ஆகாதாம். என் தலைக் கறுப்பு தமிழ்க் கடையில் வாங்கிய டை என்று முதல் வருசமே உண்மையைச் சொன்னேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே, வருசத்துக்கு அது தெரியப் போவதில்லை என்றார்.

அந்த வருசம் ஒரு சிக்கல். பத்து நாளைக்கு முன்னர்தான் ஊரில் என் சித்தப்பா செத்துப்போனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குள் காலே வைக்கக்கூடாது. நான் போகப் போகிறேன் என்றதும் மனைவி சமைத்துக்கொண்டிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"துடக்கோடை போய் அந்த மனிசி வீட்டிலை வருசத்துக்கு முதல் காலடி வைக்கப் போறியளே? அவவுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுந்தானே?"

ஸ்கொட்லாந்துக்காரருக்குத் துடக்கு இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மை என்னவென்றால், கைதட்டு வாங்கிப் பழகிப்போயிருந்தேன். அந்த அம்மாவிடம் சித்தப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் லாசாலில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து கார் ஓட்டிப் போன வழி முழுக்க மனைவி கேட்டதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் நாள் முழுக்கப் பனி கொட்டி, பிறகு மழை பெய்து, எல்லாம் கட்டியாக உறைந்து கிடந்தது. இரண்டு மணிக்குப் போய்க் கூடத்து அடுப்பை மூட்டினேன். விறகு இல்லை, பீட். சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்த கட்டி; அந்த நாட்டு மலைவாசிகள் எரித்தது. அதன் மணத்துக்காகவே சிலர் வருவார்கள். அன்றைக்குப் புகை கொஞ்சம் கூடத்துக்குள்ளேயே சுற்றியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையும் கதையாக்கினேன். முந்திய காலத்து மலைநாட்டு வீடுகளுக்குப் புகைபோக்கியே இருக்கவில்லை, சனம் இப்படித்தான் புகைக்குள் வாழ்ந்தது, இன்றைக்கு நீங்கள் அதை அனுபவிக்கிறீர்கள் என்றேன். வந்திருந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ரசித்துக் கேட்டார்கள்.

ஒருவர் மட்டும் ரசிக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்யில் இருந்து வந்த வயதான பிரெஞ்சுக்காரர். கொட்டாவி விட்டபடி இருந்தார். இடையில் எழும்பி யன்னலைக் கொஞ்சம் திறந்தார். குளிர் உள்ளே வருகிறதே என்று நான் சாத்தினேன். சிறிது நேரத்தில் மறுபடியும் திறந்தார். இந்தமுறை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு சாத்தி, கொக்கியும் போட்டேன். சரியான அரியண்டம் பிடித்த மனுசன் என்று மனதுக்குள் திட்டினேன்.

பிறகு கட்டம் போட்ட சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவால் வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். அந்த அம்மா வழக்கத்தின் கதையைச் சொல்லி முடிக்கும்வரை வெளியில் நிற்க வேண்டும். கால் மணித்தியாலம் நின்றேன். தட்டினேன். திறக்கவில்லை. இன்னொருமுறை தட்டினேன். அந்த அம்மா வந்து கதவைத் திறந்தபோது அவருடைய முகம் சரியில்லை. தலையிடிக்கிறது, நீ உள்ளே போ, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைப் பக்கம் போனார்.

வலது காலை எடுத்து வைத்துக் கூடத்துக்குள் போனேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுடைய சின்ன மகள் கம்பளத்தில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வேறொரு கிழவர் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. மற்றவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், ஆனால் பார்த்த மாதிரி இல்லை.

எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை: துடக்கு. நான் காலை வைத்தேன், உடனே நடந்துவிட்டது. சித்தப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அடுப்புக்கு முன்னாலேயே கண்ணை மூடி, கையைக் கூப்பி, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன், இந்தச் சனத்தை விட்டுவிடு என்று கும்பிட்டேன். எனக்கும் தலை கனக்கத் தொடங்கியது. அதையும் தண்டனை என்றே நினைத்து இன்னும் உருகிக் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு குளிரும்.

கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். லொங்குய்க்காரர் சுவரில் சாய்ந்தபடி தன் கைத்தடியால் யன்னலை அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வெளியே, வெளியே என்று பிரெஞ்சில் கத்தினார். பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"கும்பிட்டது போதும். நெருப்பைப் பார்."

அடுப்புத்தான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னப் பிள்ளையைத் தூக்கினேன், கிழவரை இழுத்தோம், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கோட்டும் இல்லாமல் பனிக்குள் வந்து விழுந்தோம். யாரோ அவசர உதவிக்கு அடித்தார்கள். நான் தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு. சரி என்று மூச்சு விட்ட பிறகுதான் அந்த அம்மா இல்லை என்று தெரிந்தது.

நான் வீரன் இல்லை. வாசற்படியில் நின்று தயங்கினேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் மனைவி இருக்கிறாள், நான் உள்ளே போய் விழுந்தால் என்று ஓடியது மனம். பிறகு சால்வையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓடினேன். சமையலறையில் தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்குக் கீழே தரையில் கிடந்தார். முகத்தில் அசைவு இல்லை. சால்வையை அவருடைய கைகளுக்குள்ளால் விட்டு இழுத்தேன். சமையலறைக் கதவுக்குப் போக ஆறடிகூட இல்லை, ஆனால் என் முழங்கால் மடங்கிவிட்டது. கதவை வெளியில் இருந்து திறந்து எங்கள் இரண்டு பேரையும் இழுத்தெடுத்தவர் அதே லொங்குய்க்காரர்தான். மீன் பிடிக்க உறைந்த ஆற்றின் மேல் போடுகிற கொட்டிலுக்குள் அடுப்பு வைத்துப் படுத்த தன் தம்பி இப்படித்தான் செத்தான் என்று, பனியில் குந்தியிருந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். புகைபோக்கியின் வாய் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. புகை போனாலும் அந்த வாயு கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் மாட்டாது என்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, இப்படியான வீட்டில் அந்த வாயுவைக் காட்டுகிற அலாரம் இருந்திருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டார்.

அது அந்த வீட்டிலேயே என் மேசையின் இழுப்பறை லாச்சிக்குள் கிடந்தது. பற்றறி முடிந்து நிமிசத்துக்கு ஒருதரம் கீச்சிட்டது. நான் ஆட்களுக்கு விளக்கும்போது அது இடைஞ்சல் என்று பத்து நாளைக்கு முன்னர் கழற்றி வைத்தேன். பக்கத்துத் தெப்பனர் என்கிற மூலைக் கடையில் ஒரு பற்றறி வாங்கிப் போட்டால் முடிந்தது. கழற்றிய அன்றைக்குப் பின்னேரமே ஊரிலிருந்து சித்தப்பாவின் செய்தி வந்தது, மறந்துபோனேன். தீயணைப்புக்காரரிடம் தெரியாது என்று சொன்னேன்.

அடுத்த நாள் அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் திறந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுது அழுது என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். எதை? துடக்கை. சித்தப்பா செத்தது, முப்பத்தொரு நாள், நான் மறைத்தது, காலை வைத்தது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சித்தப்பாவுக்காக வருத்தப்பட்டார். பாவம், அவர் வந்து என் புகைபோக்கியை அடைக்கவில்லையே என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, எழும்பப் போனேன். அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அலாரத்தை நான்தான் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டேன் போல. இனி நான் தனியாக இருக்கக் கூடாதோ என்னவோ."

நான் திரும்ப உட்கார்ந்தேன். லாச்சியைப் பற்றிச் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. இதை நீ முதலில் சொல்லியிருக்கலாம் என்றார் அவர். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியால் இறங்கி நேரே போய்த் தீயணைப்புக்காரரிடமும் சொன்னேன்.

மாசி மாதம் அந்த அம்மா என்னை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார், நானும் போகிறேன். சாமிக்குச் செய்த குற்றத்தை அழுதுகொண்டே சொல்லிவிட முடிந்த எனக்கு, என் கையால் செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலையைச் சொல்ல ஒரு கிழவி தன் புத்தியையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அந்தப் புகையை விட என்னைப் பற்றிய அந்த நினைப்புத்தான் எனக்கு இன்றைக்கும் பயம் தருகிறது.