எண்ணூற்று இருபத்து நான்கு

போன வாரம் தம்பி மகன் ஓர் ஓலை ஜாதகத்தைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான். அவன் அம்மாவின் பிறந்த தேதியை ஏதோ ஒரு படிவத்தில் ஆங்கில வருஷத்தில் எழுத வேண்டுமாம். கயிற்றை அவிழ்த்ததும் புல்தைல வாசனை வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க ஓலைக்குத் தடவுவார்கள். மனிதர்களுக்கும் கொஞ்சம் தடவி வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

"கொல்லம் வருஷத்தோட எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டினாப் போறுமே, பெரியப்பா?" என்றான், பேனாவைத் திறந்துகொண்டே.

"மாசம் என்னன்னு முதல்ல பாருடா!"

அவன் பயந்துவிட்டான். ஒரு கூட்டலுக்கு இவ்வளவு கத்தலா என்று நீங்களும் நினைப்பீர்கள்.

நான் வளர்ந்தது மலையாள தேசத்தில், வலியசாலைத் தெருவில். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று காலண்டர்களில் குடியிருந்தோம். திவசம் திதிப்படி. சம்பளம் மலையாளத்துக் கொல்லம் மாதப்படி. பரீட்சை ஆங்கிலத் தேதிப்படி. என் அம்மாவுக்கு நட்சத்திரம் ஒரு நாள், மலையாளத் தேதி ஒரு நாள், இங்கிலீஷ் தேதி ஒரு நாள் என்று வருஷத்துக்கு மூன்று பிறந்தநாள் வரும். மூன்று நாளும் அவளேதான் சமைத்தாள்.

கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் தொடங்குகிறது. ஆங்கில ஆண்டு தொடங்க அதற்குமேல் நாலரை மாதம் ஆகும். ஆகையால் மார்கழி நடுவிலிருந்து ஆடி வரை பிறந்தவர்களுக்குத்தான் 825 கூட்ட வேண்டும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை பிறந்தவர்களுக்கு 824. மாதத்தைப் பார்க்காமல் 825 கூட்டினால் ஆளுக்கு ஒரு வயது குறைந்துவிடும். எந்த லேகியமும் செய்யாத வேலை அது.

யுத்த காலத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கணிதத்தில் பி.ஏ., முதல் வகுப்பு. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன். தேதிப் பைத்தியம் அன்றைக்கே உண்டு. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுகூட என் நாட்குறிப்பில் இருக்கும்.

என் மேஜைக்கு எதிர் மேஜை ஹெட் கிளார்க் சேஷய்யர். வீடு எங்கள் தெருவிலேயே, எட்டு வாசல் தள்ளி. தெருவில் மாமா, ஆபீசில் சார். கிண்டல் செய்யாமல் அவருக்கு வெற்றிலை இறங்காது. ஒரு நாள் காலை நான் தயாரித்த பட்டியலில் ஒரு கூட்டல் தவறிவிட்டது. அவர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஓய், எல்லாரும் கேட்டேளா! நம்ம அம்பிக்குக் கணக்குல பர்ஸ்ட் கிளாஸாக்கும். ஆனா அது பெரிய கணக்கு. இந்தச் சின்னக் கூட்டல் எல்லாம் அதுல வராது. டேய், செருப்பைக் கழட்டிக்கோ. இருபது வரைக்கும் எண்ணலாம்."

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் மத்தியானம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே, ஊழியர்களின் சர்வீஸ் புத்தகங்களைப் பார்த்து வயதுப் பட்டியல் ஒன்று நகலெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சேஷய்யரின் புத்தகத்தைத் திறந்தேன். பிறந்த தேதி: கொல்லம் 1063, கன்னி 12. பக்கத்தில் யாரோ பழைய குமாஸ்தா அழகான கையெழுத்தில் 1888 என்று எழுதியிருந்தார். கன்னி என்பது புரட்டாசி. 824 கூட்ட வேண்டிய இடம். அவர் பிறந்தது 1887. ஐம்பத்தைந்தில் ஓய்வு. அப்போது நடந்துகொண்டிருந்தது 1943, தை மாதம். போன புரட்டாசியோடு அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது.

புத்தகத்தை மூடியிருக்கலாம். சாயங்காலம் தெருவில் காதோடு சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன்.

"மாமா," என்றேன். ஆபீசில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கன்னி மாசத்துக்கு எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டப்படாது. இருபத்திநாலாக்கும். உங்களுக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சு நாலாம் மாசம் நடக்கறது. இந்த நாற்காலியில நீங்க உக்காந்திருக்கறதே கணக்குத் தப்பு."

ஓரத்தில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் சேராததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சேஷய்யர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தார். மடித்தார். வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

சூப்பரிண்டெண்ட் குட்டன் பிள்ளை தம் அறை வாசலில் நின்றிருந்தார். எங்களிடம் தமிழ் பேசுவார், பாதி மலையாளமாக.

"சேஷய்யரே," என்றார் மெதுவாக, "நான் கேட்டில்லான்னு இனி எப்படிப் பறையும்? இத்தனை பேர் கேட்டாச்சே."

"எழுதிக்கோங்கோ சார்," என்றார் சேஷய்யர்.

நாலு மணிக்குக் குறிப்பு மேலே போயிற்று. மறுநாள் அவர் நாற்காலி காலி. அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "இன்று ஒரு பிழை திருத்தப்பட்டது. வெயில்." என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அம்மா சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "சேஷய்யர் ஆத்து விசாலத்துக்கு முகூர்த்தம் வச்சாச்சு. மாசி ஏழு. திருநெல்வேலி. ரெண்டாம் தாரம்."

விசாலம் அவருடைய ஒரே பெண். பெண்கள் காலேஜில் கணிதம், பி.ஏ. கடைசி வருஷம். பங்குனியில் பரீட்சை.

"பரீட்சை?"

"என்ன பரீட்சை? அப்பா உத்தியோகத்துல இருந்தா நாலு பேர் காத்துண்டிருப்பா. ஆத்துல உக்காந்தாச்சுன்னா எவன் காத்துண்டிருப்பான்? அவனுக்கு மூணு குழந்தை. இப்பவே ஆள் வேணுமாம். ரசம் போடட்டுமா?"

சேஷய்யர் ஆபீசில் விட்டுப்போன குடை ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கொடுக்கும் சாக்கில் மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். பாதி நிஜம். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது ஒருவருக்காவது புரிய வேண்டும் என்பது மீதிப் பாதி. கணிதம் படிக்கும் பெண்ணுக்குப் புரியாதா?

விசாலம்தான் கதவைத் திறந்தாள். குடையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா தூங்கறார்."

"நான் வேணும்னு செய்யல. மாசத்தைப் பார்த்தா எல்லாருக்கும் தெரியற தப்புதான். ஆனா யாரும் பார்க்கல. நான்தான் கண்டுபிடிச்சு..."

"கண்டுபிடிச்சேளா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எனக்குப் பன்னெண்டு வயசுலேயே தெரியும். ஜாதகத்தைப் பார்த்து நானே கூட்டிப் பார்த்தேன். பிள்ளை சாருக்குத் தெரியும். அப்பாவுக்கு அடுத்தபடியா பிரமோஷனுக்குக் காத்துண்டிருந்தாரே, அவருக்கும் தெரியும். அத்தனை பேரும் வாயை மூடிண்டிருந்தா."

நான் வாசலில் ஒரு படி கீழே இறங்கினேன்.

"அப்பாகிட்ட அன்னிக்கே போய்ச் சொன்னேன். சிரிச்சார். 'ஒரு வருஷம்தானேடீ, அது உன் படிப்புக்குன்னு இருக்கட்டும்'னார்." குடையைச் சுவரில் சாய்த்தாள். "நீங்க கண்டுபிடிக்கல. உரக்கச் சொன்னேள். அவ்வளவுதான்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணத்துக்கு எங்கள் வீட்டையும் அழைத்திருந்தார்கள். தெருவில் ஒரு வீட்டை விட்டு அழைக்க முடியாது. நானும் போய்ச் சாப்பிட்டேன். சேஷய்யர் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். என் இலை முன் நின்று, "அம்பிக்கு இன்னொரு போளி போடுங்கோ" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எண்ணிக்கோ" என்றார். அவர் செய்த கடைசிக் கிண்டல் அது. போளியைத் தின்றேன். என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் தெரியாது.

பங்குனியில் அவளுடைய வகுப்பு பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அவள் நோட்டுப் புத்தகங்களைப் பழவங்காடியில் ஒரு மளிகைக் கடைக்கு அவள் வீட்டார் நிறுத்துப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத சமயம். எழுதிய தாளுக்கும் நல்ல கிராக்கி. நான் அந்தக் கடைக்குப் போய் வேண்டாத வெல்லம் வாங்கினேன். பழைய கோர்ட் தாளில் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் சீரகம். அது மலையாளப் பத்திரிகையில் வந்தது. புத்தகத்தையே விலைக்குக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்க வாய் வரவில்லை. ஊருக்கே கேட்கும்படி பேசத் தெரிந்த அதே வாய்தான்.

மூன்றாம் நாள் வாங்கிய புளி அவள் கையெழுத்தில் வந்தது. சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் இல்லை. ஒரு நிரூபணம். பாதிப் பக்கம் வரை ஒவ்வொரு படியும் எனக்குப் புரிந்தது. அதற்குமேல் எனக்குத் தோன்றவே தோன்றாத ஒரு வழியில் திரும்பியிருந்தாள். கடைசியில் 'ஆகவே' என்பதற்குப் போடும் மூன்று புள்ளிகளைப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது. இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு முட்டி மோதினேன். என் முதல் வகுப்புக்கு அந்த அடுத்த வரி வரவில்லை.

சேஷய்யர் அதன்பின் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். விசாலம் ஊருக்குத் திரும்பி வந்ததாக என் குறிப்புகள் எதிலும் இல்லை. அவர்கள் வீடிருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். பழவங்காடிக் கடை சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. சர்வீஸ் புத்தகங்களில் யாரும் கொல்லம் ஆண்டு எழுதுவதில்லை. அந்தத் தப்பைச் செய்யக்கூட இன்று ஆள் கிடையாது. புளிக்கறை பட்ட அந்தத் தாளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கரையான் முழுவதையும் தின்றுவிட்டது. அதை வாங்கிய தேதி, கிழமை, புளியின் விலை, கடைக்காரர் கூடக் கொடுத்த எடை எல்லாம் நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கின்றன. அவள் எதை நிரூபித்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் நான் குறித்துவைக்கவில்லை.