ஒரு கீறல்கூட இல்லாத கருவி

எங்கள் வீட்டில் கடலைப் படித்தவள் அத்தை ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். அப்பாவின் தங்கையான அவள், தேவனாம்பட்டினத்திலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் பக்கம் ஆராய்ச்சிக்குப் போவாள். இருட்டிய பிறகு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்தே எனக்குப் படிப்பின் மீது ஒரு பயம் வந்துவிட்டது.

அவள் ஆராய்ந்தது தண்ணீரின் போக்கை. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து ஒரு தண்ணீர் நம் கரையோரமாகத் தெற்கே இறங்குமாம். பெரிய ஆறுகள் எல்லாம் கலந்து வருவதால் அதில் உப்பு குறைச்சலாம். அது எப்போது எங்கள் ஊரைத் தாண்டுகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி, அடியில் நங்கூரமும் மேலே கொடி நட்ட மிதவையுமாக, கரையிலிருந்து வெகுதூரத்தில் இறக்கி வைத்தார்கள். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே நின்று தானாகப் பதிந்துகொள்ளும். இறக்கியது அப்பாவின் ஃபைபர் படகுதான்.

தாத்தா ஒரே ஒரு மழைக்காலம்தான் கொடுத்திருந்தார். அதற்குள் அளவு கைக்கு வந்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் தை மாதம் கல்யாணம். சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து அலுத்துப்போயிருந்தார்கள். அத்தையும் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தாள். பேசுவதற்குத் தெம்பு இருந்ததா என்றும் தெரியவில்லை.

அப்பா அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. தொழிலுக்குப் போகும்போதும் வரும்போதும் கொடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார். சாப்பிடும்போது, மிஷின் பத்திரமாக இருக்கிறது என்று தங்கைக்குச் சேதி சொல்வார். வேறு பேச்சு இருவருக்கும் கிடையாது.

மார்கழிக் கடைசியில் அப்பாவும் அத்தையும் படகில் கருவியை எடுக்கப் போனார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு கிழக்கே போகாமல், கரையை ஒட்டியே ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் திரும்பியது. அத்தை எழுந்து நின்று, கடலின் பக்கம் கையை நீட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

கரைக்கு வந்ததும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"விசைப்படகுக்காரன் கயிறோட வாரிகிட்டுப் போயிருப்பான். அதான் ஆத்து வாயாண்ட கொண்ணாந்து போட்டுட்டேன். ஒரு கீறல் இருக்கா பாரு."

எங்கள் ஆட்கள் வலையை அப்படித்தான் காப்பாற்றுவார்கள். ஆபத்து என்றால் இடம் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

"எப்பண்ணே மாத்துன?" என்றாள் அத்தை.

வைத்த மறுநாளே என்றார் அப்பா. அவளை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்றுதான் சொல்லவில்லையாம். அப்புறம், முதன்முறையாகக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டார்: "எல்லாம் பதிஞ்சிருக்குமில்ல?"

"எல்லாம் பதிஞ்சிருக்குண்ணே."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டே அப்பா தான் மிஷினைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அத்தை சிரித்தாள்.

ஆற்று வாயில் நின்ற கருவி ஆற்றைத்தான் அளந்திருக்கும், வடக்கேயிருந்து வந்த தண்ணீரை அல்ல என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. போன பொங்கலுக்குக்கூடச் சிதம்பரத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதே கதையைச் சொன்னார். அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். எனக்குத்தான் கேட்கக் கேட்க அலுப்பாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

கருவியை எடுத்துவந்த அன்று சாயங்காலம், குழாயடியில் குத்துக்காலிட்டு அத்தை அதைக் கழுவிக்கொண்டேயிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி பட்டுடிச்சி" என்றாள்.

நான் நம்பினேன். மழைக்காலத்து ஆற்று வாயில் உப்பு அவ்வளவாக இருக்காது என்று எனக்கு அப்போது தெரியாது.