கதவை மூடச் சொன்ன அண்ணி

எங்கள் அண்ணி வாயில் எப்போதும் இருந்தது ஒரே வாக்கியம்தான்: "கதவை மூடு!" ஸ்டூடியோ இருட்டறையில் போட்டோ கழுவியவர். கீற்று வெளிச்சம் விழுந்தாலும் யாரோ ஒருவரின் கல்யாணப் படம் பாழ். தெரியாமல் கதவைத் திறந்த என் அண்ணனே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

டிஜிட்டல் வந்து ஸ்டூடியோவை மூடியதும் அண்ணி சும்மா இருப்பாரா? இருட்டில் ஒளிரும் படிக்கட்டுப் பட்டைகள் செய்யக் கிளம்பிவிட்டார். பெயின்ட் டப்பாவில் 'பாஸ்பர்' என்று போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் கண்டுபிடித்த அன்று வீடே இரண்டுபட்டது.

"தம்பி, ஒளியைச் சுமந்துட்டு வர்றதுன்னு அர்த்தமாம்! அந்தக் காலத்துல கிரேக்கர்கள் விடிவெள்ளிக்கு வச்ச பேராம்! சூரியனுக்கு முன்னாடி வெளிச்சத்தைத் தூக்கிட்டு வருதில்ல?"

தியேட்டர் முதலாளி ஒரு படிக்கட்டில் ஒட்டிக் காட்டச் சொன்னார். ஒளிர்ந்தால் தியேட்டர் முழுக்க ஒட்டும் வேலை அண்ணிக்குத்தான். இல்லாவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவதாக அண்ணி அண்ணனிடம் சொல்லியிருந்தார். அடுப்படியில் கிடந்த மாதிரித் துண்டு ஜோராக ஒளிர்ந்ததால் எங்களுக்குக் கவலையே இல்லை.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? பட்டைகளை இருட்டறையிலேயே செய்து, அங்கேயே காயவைத்து, கறுப்புத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அரங்கிலும் இருட்டறையின் பழைய சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டினார்.

சிவப்பு விளக்கை அணைத்தோம். கும்மிருட்டு. ஒரு பட்டைகூட ஒளிரவில்லை.

முதலாளி சிரித்தார். "என்னம்மா, சுமந்துட்டு வந்த வெளிச்சத்தை வழியில எங்கயாவது இறக்கி வச்சிட்டீங்களா?"

இருட்டில் அண்ணி கத்தினார். "ஐயையோ! இறக்கலைங்க, ஏத்தவே இல்லை! முதல்ல வெளிச்சம் பட்டாத்தானே இது இருட்டுல ஒளிரும்! தம்பி, எல்லா லைட்டையும் போடு!"

அரங்கமே பகலாயிற்று. அந்தக் கொஞ்ச நேரமும் அண்ணி என் கையை விடவில்லை. மறுபடி அணைத்தோம்.

ஒவ்வொரு படியிலும் பச்சை வெளிச்சம், மேலிருந்து கீழ்வரை! நான் விசிலடித்தேன். முதலாளி கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கி, "நாளைக்கே வேலையை ஆரம்பிங்கம்மா!" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் அதே இருட்டறையில் அண்ணி அடுத்த பட்டைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், பழக்கத்தில் கதவைச் சாத்தினேன்.

"எதுக்குடா மூடுற?" என்று ஒரு சத்தம். "திற கதவை!"