மேஜர் கேட்கப் போன வீடு

மேஜர் செல்லதுரைக்கு ஆணையிடத் தெரியும், அள்ளிக் கொடுக்கத் தெரியும். கேட்க மட்டும் தெரியாது. அவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஐந்து வருஷமும் அவருக்குக் கீழே கிளார்க்காக இருந்தவன் நான். இதை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

உடையார்பாளையத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஒரு காலத்தில் சின்ன ஜமீன். ஜமீன் போன பிறகும், மாடி வைத்த வீட்டால் வந்த 'மெத்தை வூட்டுக்காரங்க' என்ற பேரும், ஏரிக்குக் கீழே நஞ்சையும் மிச்சமிருந்தன. அந்த வீட்டின் இளைய பிள்ளை செல்லதுரை. பட்டாளத்தில் ஆபீசராகச் சேர்ந்து, எழுபத்தொன்று சண்டையில் தொடையில் குண்டு வாங்கி, மேஜராக ஓய்வு பெற்று வந்தார். அண்ணன் அரியமுத்து ஊரிலேயே இருந்து வெள்ளாமையைப் பார்த்தவர். அப்பா செத்தபோது லீவு கிடைக்காமல் தம்பி மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அண்ணனுக்கு அது ஆறவே இல்லை. எதிரெதிர் வாசலில் குடியிருந்துகொண்டு பதினாறு வருஷம் பேச்சு கிடையாது. படித்தவர்களுக்கு வீம்பு பிடித்தால் அதற்கு மருந்தே இல்லை.

குண்டு பட்ட மேஜரைச் சேற்றில் இரண்டு மைல் தோளில் சுமந்துவந்த சிப்பாய், எங்கள் ஊர்க் காலனிக்காரர் மதுரைவீரன். 1996 பஞ்சாயத்துத் தேர்தலில் மேஜர் நின்றபோது காலனி ஓட்டு முழுக்க மதுரைவீரன் சொல்லுக்காகவே விழுந்தது. காலனி கேட்டது ஒன்றே ஒன்று, சுடுகாட்டுக்கு வழி. நடுவில் மெத்தை வீட்டு நஞ்சை. அதற்குள் நல்ல வண்டிப்பாதை உண்டு. ஆனால் அது அவர்கள் களத்துக்கு மட்டும். படல் சாத்தியே கிடக்கும். காலனியில் மழைக்காலத்தில் யாராவது செத்தால் பாடையோடு முழங்கால் சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

"ஆறு மாசத்துல வழி வந்துரும், மதுரை. இது என் வார்த்தை" என்றார் மேஜர்.

மனதாரச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பாதை கூட்டுப் பட்டாவில் இருந்தது. அண்ணன் கையெழுத்தில்லாமல் பொதுவழி ஆக்க முடியாது. பத்து எட்டு நடந்து எதிர் வாசலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவரோ பட்டாளத்து வழக்கப்படி தீர்மானம் போட்டு, நோட்டீஸ் அடித்து, "செல்லப்பா, குடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். அரியமுத்து அதைப் படித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகிக்கொண்டு, "சரி, போ" என்பார். நாலு வருஷத்தில் ஐந்து நோட்டீஸ். ஐந்தாவதைச் சட்டப் பிரிவெல்லாம் காட்டிக் காரசாரமாக எழுதியவன் நான்தான். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கக்கேடு.

"பெரியவருகிட்ட ஒரு தடவ நேர்ல..." என்று மதுரைவீரன் ஒருமுறை ஆரம்பித்தார்.

"அவரு தர மாட்டாரு" என்று மேஜர் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். ஊரே அப்படித்தான் நினைத்தது.

2000 ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் மதுரைவீரன் இறந்துபோனார். மேஜர் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு காலனிக்கு வந்தார். பாடைக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். மதுரைவீரனின் சம்சாரம் ஆண்டாயி எழுந்து வந்தார்.

"சல்யூட்டு எதுக்குங்க ஐயா? உங்களச் சேத்துலேருந்து தூக்கியாந்த மனுசன். இப்ப அவர நாங்க சேத்துலதான தூக்கிட்டுப் போவணும்?"

மேஜரின் கை இறங்கியது. திரும்பி நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். நேரே அண்ணன் வாசலுக்குப் போனார். ஷூவைக் கழற்றிவிட்டு, மழையில் நின்று கை கூப்பினார். ஓட்டுக் கேட்கும்போதுகூடச் சல்யூட்தான் அடித்த மனிதர்.

"அண்ணே, மதுரை செத்துட்டான். வழி வேணும். குடுங்க."

அரியமுத்து எழுந்து உள்ளே போனார். ஐந்து நோட்டீஸையும் எடுத்துவந்தார். என் பேனாவை வாங்கி ஐந்திலும் கையெழுத்துப் போட்டார்.

"படலத் தொறந்து விடச் சொல்றேன், தூக்கிட்டு வரச் சொல்லு. ஏன்டா, இத மொத வருசமே வந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? நோட்டீஸு அனுப்புறியே, நான் என்ன உனக்கு மூணாம் மனுசனா?"

மேஜர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இந்த நாலு வருசத்துல அந்தச் சேத்துல போனவங்க எத்தன பேரு, செல்லப்பா?"

"ஏழு பேருங்க."

பேரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆறாவதாகப் பாப்பாயியின் கைக்குழந்தையைச் சொல்லும்போது நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

அன்று மதுரைவீரன் வண்டிப்பாதையில் போனார். அடுத்த தேர்தலில் மேஜர் நிற்கவில்லை. அரியலூர் மாவட்டம் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. அந்த வருஷம் மேஜரும் போய்ச் சேர்ந்தார். காலனியில் பாதிப் பேர் சாவுக்கு வந்தார்கள். ஆண்டாயி வரவில்லை. மனசு கேட்காமல், கருமாதி கழிந்து அவரைப் பார்க்கப் போனேன்.

"மேஜரு உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாராம்மா?"

"கேட்டாரு. ஐப்பசி பொறந்தா வருசா வருசம் வந்து நிப்பாரு" என்றார் ஆண்டாயி. "என் ஊட்டுக்காரரு நல்ல வழியிலதான் போனாரு. அந்த ஏழு பேத்துக்கும் சேத்து மன்னிச்சேன்னு நான் எப்புடிங்க சொல்றது?"