தும்மாத மூக்கும் தொப்பை விழுந்த விளக்கும்

வென்ஸெல் ஹாக்கிளுக்குத் தன் கையைவிட மூக்கின் மேல்தான் கர்வம் அதிகம். பவேரியக் காட்டுப்பக்கம் கண்ணாடி ஊதுகிறவர்கள் எல்லோருக்கும் மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. இரும்புக்குழாயை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே வாயால் ஊதுகிறவன் சிகரெட்டை எங்கே வைத்துக்கொள்வான்? ஆகவே பொடி. அதிலும் ஒரு கௌரவம் இருந்தது. பொடி போட்டுத் தும்முகிறவனை அந்த ஊரில் யாரும் பெரிய மனிதனாக மதிப்பதில்லை. வென்ஸெல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொடி போடுகிறார். அவர் தும்மி ஒருவரும் பார்த்ததில்லை.

ஊர் மதுக்கடையில் பொடிக்காரர் சங்கம் கூடும். பழைய தலைவர் மூச்சிரைப்பு வந்து விலகிவிட்டார். 1972 நவம்பரில் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாகப் பேச்சு. போட்டி இரண்டு பேருக்குள்: வென்ஸெல், உலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஊதும் இக்னாஸ். தலைவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு வெள்ளிச் சங்கிலியும் கணப்படுப்பை ஒட்டிய நாற்காலியும்தான். அந்த நாற்காலி வென்ஸெலுக்குக் கனவில்கூட வந்தது.

அந்த வருஷக் கோடையில் சோமர் கண்ணாடி ஆலையில் தேன் நிற மேஜை விளக்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். மேலே காளான்போல ஒரு குடை, கீழே மெல்லிய கழுத்து, எல்லாம் ஒரே கண்ணாடி. குடையை ஈரமான மர அச்சில் ஊதி எடுத்து, கழுத்தை நீட்டக் கடைசியாக ஒரு மெல்லிய மூச்சு விடவேண்டும். அந்த மூச்சில்தான் வென்ஸெல் தும்மினார். கழுத்தில் பொசுக்கென்று ஒரு தொப்பை விழுந்துவிட்டது. நல்லவேளை, இக்னாஸ் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ஆனால் வென்ஸெல் திகைத்து நின்ற நேரத்தில் விளக்கைக் குளிர்விக்கும் அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடைத்துப் போட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மறுநாள் முதலாளி சோமர் அதைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்தார். "இது யார் வேலை?"

வேலை போயிற்று என்றே நினைத்தார் வென்ஸெல். "என்னோடதுதான் முதலாளி."

"பிரமாதம். கழுத்துல இப்படி ஒண்ணு வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

இக்னாஸ் ஊதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் நாற்காலி போச்சு.

"யோசிச்சேன் முதலாளி. ரொம்ப நாளாவே யோசிச்சேன்."

யோசித்ததன் பலன் இரண்டு வாரத்தில் வந்தது. ஹாம்பர்க் கடைக்காரர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு அதே விளக்கு நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றார். ஆர்டர் இல்லாமல் இரண்டாவது உலையை அணைத்துவிடலாமா என்று பேச்சு நடந்த நேரம் அது. இப்போது அந்த உலையே வென்ஸெலின் மூக்கை நம்பி எரிந்தது.

அவர் பலமாக ஊதிப் பார்த்தார், இருமிப் பார்த்தார். தொப்பை வரவில்லை, வந்தாலும் பூசணிக்காயாக வந்தது. மிளகுத்தூளை உறிஞ்சினார். பழகிப்போன மூக்கு அசையவில்லை. கடைசியில் வீட்டில் மனைவி அஃப்ராவிடம் வந்து நின்றார்.

"அன்னிக்கு என் பொடிப் புட்டியில என்ன போட்ட?"

"பொடி தீரப்போற மாதிரி இருந்துச்சு. காய்ஞ்ச கார முள்ளங்கியை இடிச்சுக் கலந்தேன். ஏன், மூக்குக்கு வலிச்சுதா?"

"தும்மிட்டேன் அஃப்ரா."

அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள். "நீயா?" பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று. "சரி, எத்தனை புட்டி வேணும்?"

முள்ளங்கி வேலை செய்தது. வென்ஸெல் முதலாளியிடம், இது தொழில் ரகசியம், மறைப்பு வேண்டும் என்று கேட்டுத் தன் இடத்தைச் சுற்றிப் பலகை அடிக்கச் செய்தார். சத்தத்துக்கு என்ன செய்வது? மாதா கோயில் பாட்டைத் தொண்டை கிழியப் பாடுவார். ஆமென் வரும் இடத்தில் குழாய்க்குள் தும்முவார். பக்தி இவ்வளவு சூடாக அந்த ஆலையில் அதற்கு முன் எரிந்ததில்லை. விளக்குகள் வரிசையாகத் தொப்பை போட்டுக்கொண்டு ஹாம்பர்க் போயின.

நவம்பரில் தேர்தல். வேட்பாளர்கள் எல்லோர் முன்பும் கைமுட்டியில் ஒரு குவியல் பொடி வைத்து உறிஞ்சி, கடையின் பெரிய பீர்க்கோப்பை ஒன்றை மற்றவர்கள் குடித்துக் காலிசெய்யும்வரை தும்மாமல் உட்காரவேண்டும். இக்னாஸ் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்து முடித்தார். அடுத்து வென்ஸெல். பொடியை உறிஞ்சினார், மீசையைத் தடவினார், அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். நான்கு மாதமாக நாள் முழுக்கத் தும்மிப் பழகிய மூக்குக்கு இது தேர்தல் என்று யார் சொல்வது? முதல் தும்மலில் மேஜைவிரிப்பு பறந்தது. பிறகு நிற்கவே இல்லை.

வென்ஸெலுக்கு அழுகை வந்தது. அதையும் தும்மலாகவே காட்டிக்கொண்டார்.

இக்னாஸ் சங்கிலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டேய், பலகை அடிச்சா எங்க காது அடைஞ்சிடுமா? மொதல் நாள்லேருந்தே கேட்டுக்கிட்டுத்தான்டா இருந்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். உன் பாட்டைத்தான்டா தாங்க முடியல, தும்மலை இல்ல."

"அப்ப ஏன் யாரும் வாயத் தொறக்கல?"

"உலை எரியணுமேடா. என் வீட்டுலயும் அடுப்பு இருக்கு." சங்கிலியைக் கழுத்தில் சரிசெய்துகொண்டே, "நாற்காலியில செவ்வாய்க்கிழமை மட்டும் நீ உக்காந்துக்க. நான் அன்னிக்குச் சீட்டாடப் போயிடுவேன்" என்றார்.

மறுநாள் காலை ஆலைக்குப் போனால் பலகையைக் காணோம். யாரோ பிடுங்கி உலைக்கே போட்டுவிட்டார்கள். வென்ஸெல் பொடி போட்டார், குழாயை எடுத்தார், பாடாமலே தும்மினார். கழுத்தில் தொப்பை விழுந்தது. உடனே உலையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும், அந்த ஊரில் தும்மினவருக்குச் சொல்கிற வழக்கப்படி, ஒரே குரலில், "கடவுள் காப்பாத்தட்டும், வென்ஸெல்" என்றார்கள்.

வாயில் குழாய் இருக்கும்போது சிரிக்கக் கூடாது. அவர் சிரித்துவிட்டார், அதுவும் விட்டு விட்டு. தொப்பைக்குக் கீழே கழுத்து மடிப்பு மடிப்பாகச் சரிந்தது.

அதற்கடுத்த நாள் சோமர் அந்த விளக்கை ஏந்திக்கொண்டு கண் மலர வந்தார். "வென்ஸெல், இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"தோணல முதலாளி," என்றார் வென்ஸெல். "சிரிச்சேன்."